ஹெரால்டா, முதல் வடிவ மாருதி 800-ஆ: எதற்கு உயிர் கொடுப்பது?

பொன்மலை_டவுன்:

வணக்கம். இரண்டு பழைய கார்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்றை வாங்கத்தான் என்னிடம் பணமும் இடமும் உண்டு.

ஒன்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு, 1970 மாடல். பெரியப்பா வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. இன்ஜினைக் கையால் சுற்றினால் சுற்றுகிறது. பிரேக் சுத்தமாக இல்லை. ஆர்.சி. புத்தகம் பத்திரமாக இருக்கிறது. பெரியப்பாவுக்கு இனி ஓட்ட முடியாது, யாராவது நன்றாக வைத்துக்கொள்பவரிடம் போகட்டும் என்கிறார்.

இன்னொன்று 1985 மாருதி 800. 1986-இல் பாடி மாறியதே, அதற்கு முந்தைய வடிவம். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வைத்திருக்கிறார். சில வருடமாக எடுக்கவில்லை. தரைத் தகட்டில் துரு, மற்றபடி எல்லாம் ஒரிஜினல்.

வாங்குவது ஓட்டுவதற்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஸ்ரீரங்கம் கூட்டிப்போக வேண்டும், எப்போதாவது கொல்லிமலை ஏற வேண்டும். இரண்டையும் தெரிந்தவர்கள் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டி_ரோடு:

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஹெரால்டு.

அது நம் வண்டலூர்ப் பக்கம் செய்த கார். கல்கத்தாவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று நாட்டில் கார் என்றாலே மூன்று பெயர்தான் இருந்த காலம். எங்கள் சித்தப்பா அந்தத் தொழிற்சாலையில் பாடி ஷாப்பில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் வீட்டில் பேச்சு ஹெரால்டைப் பற்றித்தான் இருக்கும்.

பிரிட்டனில் டிரயம்ப் ஹெரால்டு 1959-இல் வந்தது. வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. இங்கே 1961-இல் இருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முதலில் இரண்டு கதவுதான். குடும்பமாகப் போகிற நம் ஊருக்கு அது சரிப்படாது என்று நான்கு கதவு வைத்து மார்க் 3 செய்தார்கள். பிரிட்டனில் நான்கு கதவு ஹெரால்டு விற்கவே இல்லை. அதாவது உங்கள் பெரியப்பா ஷெட்டில் நிற்பது இந்தியாவில் மட்டுமே பிறந்த கார். அதை விட்டுவிட்டு 800 வாங்குவேன் என்றால் எனக்கு மனசு ஆறாது.

முதல்_மாருதி:

ஜிஎஸ்டி சார் மேல் மரியாதை உண்டு. ஆனால் 800-ஐ இப்படி ஒரே வரியில் தள்ளக் கூடாது.

1983 டிசம்பர் 14 அன்று டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தார். அதுவரை இந்த நாட்டில் கார் வைத்திருப்பது என்றால் கூடவே ஒரு மெக்கானிக்கையும் வைத்திருப்பது என்று அர்த்தம். காலையில் சோக் இழுத்து, கார் மனசு வைத்தால் கிளம்பலாம். 800 வந்த பிறகு சாவியைத் திருப்பினால் கிளம்பும் என்பது சாதாரண விஷயமாயிற்று. நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பெரிய எண்ணிக்கையில் ஸ்டியரிங் பிடித்தது இந்தக் காரில்தான் என்பது என் உறுதியான எண்ணம். லேசான கிளட்ச், லேசான ஸ்டியரிங், நடுவழியில் நிற்காது என்ற தைரியம். எங்கள் அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டதும் 800-இல்தான்.

நம் ஊர்ப் பெருமை என்றால் அதற்கும் பதில் இருக்கிறது. மாருதி உத்யோகைக் கட்டி எழுப்பிய வி. கிருஷ்ணமூர்த்தி தமிழ்நாட்டுக்காரர், அரசின் மின் இயந்திர நிறுவனமான பெல்லை (பி.எச்.இ.எல்.) நடத்திவிட்டு அங்கே போனவர். திருச்சிக்காரருக்கு பெல்லைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

லேத்துப்பட்டறை:

இரண்டையும் கழற்றி மாட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெரால்டுக்குத் தனி சேசிஸ், அதாவது பாடிக்குக் கீழே தனியான இரும்புச் சட்டம். 1959-லேயே அது பழைய முறைதான். மற்றவர்கள் பாடியையும் சேசிஸையும் ஒன்றாக்கி மோனோகாக் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். பிரிட்டனில் ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு-டிரயம்புக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ, 1953-இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி கைக்குப் போய்விட்டது. ஒரே கூடாகப் பெரிய பாடி செய்து தர ஆள் இல்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் செய்து, கீழே ஒரு சேசிஸ் வைத்து, எல்லாவற்றையும் போல்ட் போட்டு இணைத்தார்கள்.

அந்த நெருக்கடியால் நமக்குத்தான் நன்மை. பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்க மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து மொத்த முகமும் முன்னால் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே டேப்பெட் (வால்வு இடைவெளி) அட்ஜஸ்ட் செய்யலாம். இன்ஜின் வேலைக்கு இவ்வளவு இடம் கொடுத்த கார் என் கைக்கு வேறு வந்ததில்லை. பின் பாடி அரித்துப்போனால் போல்ட்டைக் கழற்றித் தனியே தூக்கி வைத்து டிங்கரிங் பார்க்கலாம். கெடுதல் என்ன? இணைப்புகள் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே வரும். கதவு இடைவெளியைச் சீராக வைக்கப் பொறுமை வேண்டும். சேசிஸில் இருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் முதலில் அரிக்கும்.

800 நேர் எதிர். மோனோகாக். தரைத் தகடுதான் காரின் எலும்பு. அங்கே துரு என்றால் பெயிண்ட் அடித்து மறைக்கிற விஷயம் இல்லை, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டு, வீல் ஆர்ச், பின் சீட்டுக்கு அடியில், இந்த மூன்று இடத்திலும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் செலவு பெரிது.

இன்ஜின் விஷயம். ஹெரால்டில் 948 சிசி, நான்கு சிலிண்டர், வால்வைக் கீழிருந்து தண்டால் தள்ளித் திறக்கும் புஷ்ராடு வகை. 1953-இல் வந்த ஸ்டாண்டர்டு எய்ட்டின் 803 சிசி இன்ஜினைத்தான் பெரிதாக்கினார்கள். பிரிட்டிஷ் கணக்கில் 35 குதிரைத்திறன் கூட முழுதாக வராது. 800-இல் 796 சிசி, மூன்று சிலிண்டர், வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் தலைக்கு மேலே, சிலிண்டர்களை மூடும் ஹெட் அலுமினியம். 39 குதிரைத்திறன். சிலிண்டர் ஒன்று குறைவு, அளவும் சிறிது, சக்தி அதிகம். அதோடு ஹெரால்டு சுமார் 800 கிலோ, மாருதி அதைவிட 150 கிலோவாவது குறைவு. இரண்டையும் ஒரே மேட்டில் ஏற்றிப் பாருங்கள், நடுவில் போன இருபத்து நான்கு வருடம் தெரியும்.

மலைப்பாதை:

கொல்லிமலை என்று சொன்னதால் உள்ளே வருகிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலை அது.

திருப்பத்துக்கு ஹெரால்டு மாதிரி கார் கிடையாது. 25 அடி வட்டத்துக்குள், அதாவது சுமார் 7.6 மீட்டருக்குள் முழுதாகத் திரும்பிவிடும். இத்தனை சின்ன மாருதி 800-க்கே 8.8 மீட்டர் வேண்டும். ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், கைக்குச் சாலை அப்படியே தெரியும். ஏறும்போது ஆனந்தம்.

இறங்கும்போதுதான் கவனம். ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் தலையில் உட்கார்ந்திருக்கும். சக்கரம் இரண்டும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். நேர்ச் சாலையில் சொகுசு. வளைவில் வேகமாக நுழைந்து பாதியில் பயந்து ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், வெளிப்பக்கப் பின் சக்கரம் அடியில் மடங்கும், வால் சுழலும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே போனால் பிரச்சினை இல்லை. பழைய டிரைவர்களுக்கு இது காலிலேயே இருந்தது. முன் சக்கரம் இழுக்கிற காரில் பழகியவர்களுக்குப் புதிது.

ஹெரால்டுக்குப் பிறகு 1972-இல் வந்த கேஸல் காரில் ஸ்டாண்டர்டு கம்பெனியே ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு ஒரே தண்டாகப் பின் ஆக்சில் வைத்தது. இங்கே வாங்கியவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஸ்விங் ஆக்சில் ஒத்துவரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜிஎஸ்டி_ரோடு:

மலைப்பாதை சொல்வது சரி. பின்னால் நான்கு பேர் கனத்துக்கு லக்கேஜ் வைத்தாலும் ஸ்பிரிங் தளர்ந்து சக்கரம் சாயும். ஆனால் ஸ்பிரிங்கைப் புதிதாகச் செட் செய்து, நல்ல டயர் போட்டால் நிதானமாக ஓட்டுகிறவருக்கு எந்தப் பயமும் வேண்டாம். அம்மாவை ஸ்ரீரங்கம் கூட்டிப்போகிறவர் வளைவில் பறக்கப் போவதில்லை.

இன்னொன்று. ஹெரால்டின் உதிரி பாகங்கள் இன்றும் பிரிட்டனில் புதிதாகச் செய்கிறார்கள். ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜிடி6 எல்லாம் அதே அடித்தளத்தில் வந்த கார்கள், அவற்றுக்கு உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். சென்னைக் கம்பெனி 1988-இலேயே மூடிவிட்டது என்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

சட்டப்படி:

பேப்பர் விஷயத்தை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவில் இருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. எண்ணில் மாநில எழுத்துக்குப் பிறகு விஏ என்று வரும். ஏற்கெனவே பதிவு உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 1970 ஹெரால்டு தாராளமாக இதற்குள் வரும். பெரியப்பாவின் அந்தப் பழைய மூன்றெழுத்து எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் முழுதாகப் படியுங்கள். இந்த விதியில் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. வாராவாரம் கோயிலுக்குப் போவது அதில் வராது. அப்படி ஓட்ட வேண்டுமென்றால் மற்ற பழைய கார்கள் போல எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து, ஆர்.சி.யைப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி வைத்திருக்க வேண்டும். 1985 மாருதிக்கு இந்த ஒரு வழிதான். இத்தனை வருடம் ஷெட்டில் நின்ற ஹெரால்டின் ஆர்.சி. எந்த வருடத்தோடு நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

யாழ்_வீதி:

வணக்கம் அண்ணைமார். இங்கே யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் ஒஸ்ரின் (ஆஸ்டின்) ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினவை. ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெட்ரோல். பழைய பிரிட்டிஷ் இன்ஜின் என்னத்தை ஊற்றினாலும் ஓடும் என்று சொல்லத்தான் வந்தன். இந்தியாவில் இப்ப 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலாமே, அதை இந்த இரண்டு காரும் எப்படித் தாங்கும்?

லேத்துப்பட்டறை:

நல்ல கேள்வி தம்பி. இன்று பழைய கார் வைத்திருக்கிற எல்லோரும் யோசிக்க வேண்டியது இது.

எத்தனால் இரண்டு வேலை செய்யும். பழைய ரப்பரைக் கரைக்கும், காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு காரிலும் பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் சரக்காக மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோல் வைக்காதீர்கள், அடியில் தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும். இதுவரை இரண்டுக்கும் ஒரே வைத்தியம்.

வித்தியாசம் ஈயத்தில் இருக்கிறது. ஹெரால்டு இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயம் நின்றுவிட்டது. ஈயம் இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயும், டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும், கடைசியில் கம்ப்ரெஷன் போகும். பெரியப்பா அதற்குப் பிறகு ஓட்டவில்லை என்றால் அந்த ஹெட்டில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து கடினமான சீட் ரிங் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு முறை செய்தால் போதும். ஜப்பானில் 70-களிலேயே ஈயமில்லாப் பெட்ரோல் வந்துவிட்டதால் 800 இன்ஜினுக்கு இந்த வேலை கிடையாது.

முதல்_மாருதி:

பாகங்கள் கிடைக்குமா என்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

800-இன் அந்த மூன்று சிலிண்டர் இன்ஜின் 2014 வரை 800-இலும், 2019 வரை ஆம்னியிலும் வந்தது. இன்றைக்கும் எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் பிஸ்டன், ரிங், கேஸ்கெட் கிடைக்கும். ஆனால் 1986-க்கு முந்தைய பாடி வேறு. ஹெட்லைட், பின் விளக்கு, கண்ணாடி, பம்பர், டேஷ்போர்டு எதுவும் பிந்தைய காரில் இருந்து வராது. ஹெரால்டில் நிலைமை தலைகீழ். அங்கே இன்ஜினும் சஸ்பென்ஷனும் கடல் தாண்டி வர வேண்டும், பாடியை இங்கேயே நல்ல டிங்கர் தட்டி எடுப்பார்.

இதனால் என்ன ஆயிற்று? முதல் வடிவ 800-இல் ஒரு விளக்கு உடைந்தால் வண்டியையே பழைய இரும்புக்குப் போட்டார்கள். விலை குறைந்த கார், புதிது வாங்குவது சுலபம், யாருக்கும் அது அரிய பொருளாகத் தோன்றவில்லை. மொத்தமாக 27 லட்சத்துக்கு மேல் 800 உற்பத்தியானது என்பதால் எங்கும் இருக்கிறது என்று நினைக்கிறோம். அதில் முதல் இரண்டு மூன்று வருடத்து வண்டியைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

ஹெரால்டுக்கு ஆட்கள் இருக்கிறார்கள் சார். உங்களைப் போல சித்தப்பா கதையோடு வளர்ந்தவர்கள் அதை விட மாட்டார்கள். அந்த ஆசிரியர் வீட்டு 800-ஐ இவர் எடுக்காவிட்டால் அடுத்து வருகிறவர் எடைக்குத்தான் கேட்பார். இந்த நாட்டில் சாதாரண வீட்டு வாசலுக்குக் கார் வந்த கதைக்குச் சாட்சி அதுதான். ஒரிஜினல் டேஷ்போர்டோடு ஒன்று கிடைக்கும்போது கைவிடக் கூடாது.

ஜிஎஸ்டி_ரோடு:

இதை நான் மறுக்கப் போவதில்லை. சென்னையில் நடக்கிற பழைய கார் கண்காட்சிகளில் ஹெரால்டு நிற்கும், அம்பாசடர் நிற்கும், 800 நின்று நான் பார்த்ததில்லை.

ஆனாலும் என் மனசு மாறவில்லை. ஒரு காரைத் திறந்து, அது எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆசை இருப்பவருக்கு ஹெரால்டு ஒரு பள்ளிக்கூடம். அந்த முகம் மொத்தமாகச் சாய்ந்து திறக்கும்போது பக்கத்தில் நிற்கிற சின்னப் பிள்ளைகளுக்குக் கூட இன்ஜின் என்றால் என்ன என்று புரியும். 800-இன் வேலை பானெட்டைத் திறக்காமலே ஓடுவது, அதை அது நன்றாகவே செய்தது.

தம்பி, ஒன்று கேட்கிறேன். நீங்கள் 800 எடுப்பதாக இருந்தால் பெரியப்பாவின் ஹெரால்டை என்னிடம் கொடுப்பாரா? வண்டலூருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துக்கொள்கிறேன். எண்ணை மாற்ற மாட்டேன், நிறத்தையும் மாற்ற மாட்டேன். அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பொன்மலை_டவுன்:

எல்லோருக்கும் நன்றி. ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன், 1990-களோடு நிற்கிறது. பெரியப்பாவிடமும் பேசினேன்.

வாராவாரம் ஓட்ட வேண்டும் என்பதுதான் என் தேவை. ஹெட் வேலை, பிரேக், ஸ்பிரிங், பதிவு எல்லாம் முடித்து அந்த ஹெரால்டை அன்றாட ஓட்டத்துக்குக் கொண்டுவர என் பணம் போதாது. அரைகுறையாக எடுத்து இன்னொரு ஷெட்டில் நிறுத்தினால் அது பெரியப்பாவுக்குச் செய்கிற மரியாதை இல்லை. நேற்று ஆசிரியர் வீட்டுக்குப் போய் 800-ஐ ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். ரன்னிங் போர்டு கெட்டியாக இருக்கிறது. ஓட்டுநர் பக்கத் தரையில் மட்டும் ஓட்டை. பக்கத்தில் வெல்டிங் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் தகடு வைத்துத் தருகிறேன் என்றார்.

800-ஐ எடுக்கிறேன். ஜிஎஸ்டி ஐயா, பெரியப்பா சம்மதம் சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை, வண்டி கிளம்புகிற அன்று பானெட்டைத் திறந்து இன்ஜின் ஓடுவதை அவருக்குக் காட்ட வேண்டுமாம். தனி மடலில் பேசுவோம்.

லேத்துப்பட்டறை:

இரண்டு பேருக்கும் சந்தோஷம். வேலையைத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பொன்மலை: 800-ஐ ஆர்வத்தில் செல்ஃப் அடித்துவிடாதீர்கள். டைமிங் பெல்ட் ரப்பர், இத்தனை வருடம் ஒரே வளைவில் நின்றிருக்கிறது. முதலில் பெல்ட்டும் டென்ஷனரும் புதிது. அப்புறம் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டுக் கையால் சுற்றுங்கள். ரேடியேட்டர் தண்ணீரை மாற்றி, டேங்கைக் கழுவி, அதன் பிறகுதான் சாவி. வெல்டிங் செய்யும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள், டேங்க் பக்கம் போனால் டேங்கையும் இறக்கிவிடுங்கள்.

ஜிஎஸ்டி: ஹெரால்டைக் கயிறு கட்டி இழுக்க வேண்டாம், லாரியில் ஏற்றுங்கள். முன் சக்கரத்தின் கீழ்ப்பக்கம் பித்தளை டிரன்னியன் (சக்கரத்தைத் தாங்கும் தண்டு மரையில் திரும்பும் இணைப்பு) இருக்கிறது அல்லவா, அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் மற்ற கார்களுக்கு அடிப்பது போல கிரீஸ் அடித்திருப்பார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காது, தண்ணீர் இறங்கும், உள்ளே தண்டு அரித்து ஒரு நாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் கழற்றி, மரையைக் கழுவிப் பார்த்து, சந்தேகம் இருந்தால் புதிது வரவழைத்துப் போட்டபின் ஓட்டுங்கள். பெரியப்பாவுக்கு இன்ஜினை ஓட்டிக் காட்டுவதை ஷெட்டில் நிறுத்தியபடியே செய்யலாம், அதற்கு முன் ஆயிலும் ஃபில்டரும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.